பேட்டர்ன் பட்டறைக்குப் பிரிண்டர் வாங்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் பதினெட்டு வருடமாகப் பேட்டர்ன் பட்டறை நடத்துகிறேன். பம்பு, வால்வு வார்ப்படங்களுக்கு மணலில் அச்சு எடுக்கும் மரப் பேட்டர்னும், உள்வெற்றிடத்துக்கான மணல் கோர் செய்யும் கோர் பாக்ஸும் செய்து கொடுக்கிறோம். என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மூத்த பேட்டர்ன் மேக்கர்கள் இருவர், மர லேத்தில் ஒருவர், பட்டி, பெயிண்ட் வேலைக்கு இருவர், உதவிக்கு ஒரு பையன். எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், “இனிமேல் சாம்பிள் பேட்டர்ன் எல்லாம் பிரிண்ட் போட்டு வாங்கிக்கிறோம், மூன்று நாளில் வந்துவிடுகிறது” என்று சொல்லிவிட்டார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் மகன் த்ரீடி பிரிண்டர் வாங்கலாம் என்கிறான். விற்பனையாளர் பிளாஸ்டிக் ஃபிலமென்ட் மெஷினுக்கு 1,40,000 ரூபாய் விலை சொல்கிறார். ரெசின் மெஷினும் சேர்த்து வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? வாங்கினால் என் ஆட்களில் யாரையாவது நிறுத்த வேண்டி வருமா? இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள்?

பதில்: மூன்று கேள்விகளில் உங்களை உறுத்துவது இரண்டாவது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வியின் கணக்கு வேண்டும். அதனால் மெஷினிலிருந்தே தொடங்குகிறேன்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் ஃபிலமென்ட் மெஷின் ஒன்று வாங்கலாம். திரவ ரெசினை ஒளியால் கெட்டியாக்கும் ரெசின் மெஷின் இப்போது வேண்டாம். அதில் சின்னச் சின்ன நுணுக்கமான உருப்படிகள்தான் நன்றாக வரும். நகைத் தொழிலில் மெழுகு போல எரிந்து போகும் ரெசினில் மாடல் எடுத்து வார்ப்பதற்கு அது பொருத்தம். மணல் இடிக்கும் பேட்டர்னுக்குச் சாதாரண ரெசின் நொறுங்கும் தன்மை உள்ளது. போதாததற்கு, கெட்டியாகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். கழுவும் ஆல்கஹாலுக்கும் கழிவுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். இரண்டு மெஷினைச் சேர்த்து வாங்கினால் இரண்டையும் அரைகுறையாகத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

ஃபிலமென்ட் மெஷினில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அச்சிடும் இடம் மூன்று பக்கமும் 300 மி.மீ.க்குக் குறையக்கூடாது. சுற்றிலும் மூடிய பெட்டியாக இருக்க வேண்டும், திறந்த மெஷினில் ஏபிஎஸ் என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் நேராக நிற்காது. உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் நாசிலை 0.6, 0.8 மி.மீ. என்று மாற்றிப் போடும்படி இருக்க வேண்டும். பொம்மை செய்கிறவர்கள் பயன்படுத்தும் 0.4 நாசிலில் பேட்டர்ன் அடித்தால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி ஒரு வேலையின் கணக்கு. ஒன்றரை கிலோ பிஎல்ஏ (எளிதில் அச்சாகும் பிளாஸ்டிக்) ஃபிலமென்ட் தின்னும் ஒரு வால்வு பாடி பேட்டர்னை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பிஎல்ஏவின் கன அளவு சுமார் 806 கன செ.மீ. ஒன்றரை கிலோவுக்கு 1,209 கன செ.மீ. 0.6 நாசில் வினாடிக்கு 12 கன மி.மீ. தள்ளினால் 28 மணி நேரம் ஆகும். சூடேறும் நேரம், தலை இடம் மாறும் நேரம் எல்லாம் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,40,000 ரூபாய் மெஷினை வருடத்துக்கு 3,000 மணி வீதம் மூன்று வருடம் ஓட்டினால் மணிக்குப் பதினாறு ரூபாய் அளவில் தேய்மானம் வரும். கரண்ட், நாசில், பெல்ட், ரிப்பேர் சேர்த்து 25 ரூபாய் போடலாம்.

ஃபிலமென்ட் கிலோ 1,100 என்று வைத்தால் 1,650 ரூபாய். மெஷின் 30 மணிக்கு 750. பாதியில் கெட்டுப்போகும் பிரிண்ட்டுக்காக இந்த இரண்டின் மேல் 15 சதவீதம், 360. கம்ப்யூட்டரில் மாடல் போட 6 மணி நேரம், மணிக்கு 300 வீதம் 1,800. உப்புத்தாள், பட்டி, பெயிண்ட் வேலை 8 மணி நேரம், மணிக்கு 150 வீதம் 1,200. பட்டி, பிரைமர், உள்ளே நிரப்பும் ரெசின், பிளைவுட் பலகை 900. மொத்தம் 6,660 ரூபாய். தொகைகளை உங்கள் கூலிக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பங்கு பெரிதாக மாறாது. இதில் மெஷினுக்குப் போவது 750 ரூபாய், ஒன்பதில் ஒரு பங்கு. மனிதக் கைக்கும் மூளைக்கும் போவது 3,000, கிட்டத்தட்டப் பாதி.

இந்த ஒரு கணக்கில்தான் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கிறது. பிரிண்டர் எடுத்துக்கொள்வது மரத்தை அறுப்பது, இழைப்பது, கடைவது, ஒட்டிச் செதுக்குவது. பார்ட்டிங் லைனை, அதாவது அச்சு இரண்டாகப் பிரியும் கோட்டை, எங்கே வைப்பது, கோரைத் தாங்கும் கோர் பிரிண்ட் எந்தப் பக்கம் கொடுப்பது, எந்த முகத்தில் மெஷினிங்குக்கு 3 மி.மீ. விடுவது, தனியாகக் கழற்றி எடுக்கும் லூஸ் பீஸ் இல்லாமல் எங்கே தப்பிக்கலாம் என்பதை அது எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவுகள் எல்லாம் முன்பு மரத்தின் மேல் பென்சிலால் எடுக்கப்பட்டன. இனி முதல் அடுக்கு விழுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் எடுக்கப்பட வேண்டும். மரத்தில் தப்பு வந்தால் அந்த இடத்தைச் செதுக்கிப் பட்டி வைக்கலாம். பிரிண்ட்டில் தப்பு தெரிவது 30 மணி நேரம் கழித்து.

உங்கள் வாடிக்கையாளருக்கு மூன்று நாளில் வந்த பேட்டர்னை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். வார்ப்படம் தெரியாதவர் அடித்த பிரிண்ட் என்றால் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் குறை சுருக்கம், அதாவது உலோகம் ஆறும்போது அளவில் குறைவது. முடிந்த பாகத்தின் டிராயிங்கை அப்படியே அடித்திருப்பார்கள். கிரே அயர்னுக்கு 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3, ஸ்டீலுக்கு 2 என்று சேர்க்க வேண்டும் என்பது உங்கள் ஆட்களுக்குப் பாடம் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, சுருக்க ஸ்கேலைப் பிடித்தே வளர்ந்தவர்கள். ஆனால் மகன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லைசர் மென்பொருளில் 101 சதவீதம் என்று போட்டு மொத்தத்தையும் பெரிதாக்குவது முழு வேலை ஆகாது. மெஷினிங் அலவன்ஸை மாடலில் முகம் முகமாகச் சேர்க்க வேண்டும். கோருக்கும் கோர் பிரிண்ட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி பக்கத்துக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. என்று நிலையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் சொந்தச் சுருக்கம் வேறு. பிஎல்ஏ கொஞ்சம்தான் சுருங்கும், ஏபிஎஸ் அதைவிடப் பல மடங்கு. மெஷின் வந்ததும் 100 மி.மீ. நீளத்தில் மூன்று திசையிலும் சோதனைக் கட்டைகள் அடித்து, ஒரு நாள் ஆறவிட்டு வெர்னியரில் அளந்து, அந்தத் திருத்தத்தை மெஷின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிரிண்ட்டை மாஸ்டராக வைத்து அலுமினியப் பேட்டர்ன் வார்ப்பதாக இருந்தால் இரட்டைச் சுருக்கம். 300 மி.மீ. கிரே அயர்ன் வார்ப்படத்துக்கு 300 × 1.01 × 1.013, அதாவது மாஸ்டர் 306.9 மி.மீ. இருக்க வேண்டும். இதை மறந்தால் அலுமினியத்தையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும்.

இரண்டாவது டேப்பர், பேட்டர்னை உருவுவதற்காக விடும் சரிவு. பிரிண்ட்டில் 0.2 அல்லது 0.3 மி.மீ. அடுக்குகள் படிப்படியாக நிற்கும். பேட்டர்னை மணலிலிருந்து உருவும்போது ஒவ்வொரு படியும் ஒரு பல் மாதிரி மணலைக் கவ்வும். மரத்தில் 1 டிகிரி போதும் என்ற இடத்தில் பிரிண்ட்டுக்கு 2 கொடுங்கள், ஆழமான பாக்கெட்டுக்கு 3. இடம் இல்லை என்றால் அந்தச் சுவரை மட்டும் 80, 120, 220 உப்புத்தாளில் இறக்கி, பட்டி போட்டு, டூ-பேக் பெயிண்ட் அடிக்க வேண்டும். உங்கள் பட்டி ஆட்கள் இருவருக்கும் வேலை குறையாது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். பிரிண்ட் வேலையில் பொறுமை அதிகம் கேட்கும் பகுதி இதுதான். பெரும்பாலான பிரிண்டிங் சென்டர்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏபிஎஸ் மேல் சாதாரண என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியோ தின்னரோ பட்டால் மேற்பரப்பு இளகி, விளிம்புகள் வட்டமாகிவிடும். பாலியெஸ்டர் பட்டியை மெல்லிசாகப் போடுங்கள், பிரைமரை முதலில் ஒரு துண்டுக் கழிவில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். தேய்க்கும்போது முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்க்கட்டும். தூள் காற்றில் பறக்காது, சூட்டில் பிளாஸ்டிக் இளகாது. ஏபிஎஸ் அடிக்கும்போது வரும் புகையை ஒரு குழாய் வைத்து வெளியே தள்ளுங்கள். ஆட்கள் மத்தியானம் சாப்பிடும் அறையில் மெஷினை வைக்காதீர்கள்.

மூன்றாவது சூடு. பிஎல்ஏ 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். நிழலான பட்டறையில் ஒன்றும் ஆகாது. ஆனால் பவுண்டரியில் (வார்ப்பட ஆலையில்) திரும்பி வரும் மணல் சரியாக ஆறாமல் 50 டிகிரிக்கு மேலேயே வரும். சித்திரை வெயிலில் டெம்போவில் ஏற்றி அனுப்பினால் கேட்கவே வேண்டாம். தட்டையான ஃபிளாஞ்சு காலையில் நேராக இருந்து மாலையில் வில்லாக வளைந்திருக்கும். ஒரே நாளில் சில மோல்டு (மணல் அச்சு) எடுத்து முடிக்கிற சாம்பிளுக்குப் பிஎல்ஏ போதும். பவுண்டரியில் தங்கப்போகிற பேட்டர்னுக்கு ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக். பிஇடிஜி பிளாஸ்டிக் நடுவில் நிற்கும், ஆனால் உப்புத்தாளில் இழை இழையாக வந்து எரிச்சல் மூட்டும்.

நான்காவது, உள்ளே வெற்றிடம். சுவர் இரண்டு கோடு, உள்நிரப்பு 10 சதவீதம் என்று அடித்த பேட்டர்ன் மணல் இடிக்கும்போது உள்வாங்கும். வார்ப்படச் சுவர் ஓர் இடத்தில் மெலிந்தும் ஓர் இடத்தில் தடித்தும் வரும். பழியை மோல்டர் மேல் போடுவார்கள். சுவர் 4 அல்லது 5 கோடு, உள்நிரப்பு 20 முதல் 25 சதவீதம் வையுங்கள். பெரியதாக இருந்தால் உள்ளே எபாக்சி ஊற்றி நிரப்புங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் எபாக்சி கெட்டியாகும் சூட்டிலேயே பிஎல்ஏ ஊதிவிடும். ஒரு தடவைக்கு ஒரு விரல் கனம், அது ஆறிய பிறகு அடுத்தது.

மெஷின் பக்கத்தில் தினசரித் தொல்லைகள் என்றால் மூலை தூக்கிக்கொள்வது, ஈரம், கரண்ட். 200 மி.மீ.க்கு மேல் தட்டையான அடிப்பாகம் இருந்தால் சுற்றிலும் 8 மி.மீ. பிரிம் (ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய விளிம்பு) விடுங்கள், கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் ரீல் ஈரம் இழுத்திருந்தால் நாசிலில் பட்பட் என்று சத்தம் கேட்கும், சுவரில் குமிழ் தெரியும். பிஎல்ஏவை 45 முதல் 50 டிகிரியில், ஏபிஎஸ்ஸை 75 டிகிரி அளவில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தினால் சரியாகும். யுபிஎஸ் இல்லாமல் மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று விற்பனையாளர் சொல்வார், தொடரத்தான் செய்யும். ஆனால் அதற்குள் கட்டில் (பிரிண்ட் உட்காரும் சூடான தட்டு) ஆறி உருப்படி கழன்றிருக்கும், இல்லையென்றால் அந்த உயரத்தில் ஒரு கோடு விழுந்து பேட்டர்ன் அங்கேயே பிளக்கும்.

300 மி.மீ.க்கு மேற்பட்ட பேட்டர்னைத் துண்டு போட்டு அடித்து 8 மி.மீ. டவல் பின் (பொருத்தும் முளை) வைத்துச் சேர்க்கலாம். எங்கே துண்டு போடுவது என்பதையும் பார்ட்டிங் லைன் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். கோர் பாக்ஸுக்கு முழுப் பெட்டியையும் அடிப்பது வீண். உள்குழிவை மட்டும் இரண்டு துண்டாக அடித்து, உங்கள் பிளைவுட் சட்டத்துக்குள் பதித்து, பின்பக்கம் ரெசின் ஊற்றுங்கள். மரமும் பிரிண்ட்டும் சேர்ந்த இந்த முறையில் ஃபிலமென்ட் பாதிக்கும் கீழே குறையும். ஷெல் கோருக்கு இதையெல்லாம் நினைக்கவே வேண்டாம். அந்தப் பெட்டியை 200 டிகிரிக்கு மேல் சுட வைக்கிறார்கள், இரும்புப் பெட்டிதான் தாங்கும். ஹை-பிரஷர் மோல்டிங் லைனுக்கும் உலோகப் பேட்டர்ன்தான். கையால் இடிக்கும் மோல்டிங்கிலும் ஐம்பது, நூறு மோல்டுக்கு மேல் எடுக்கப்போகிற வேலைக்கு நேரடிப் பிரிண்ட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். அதை மாஸ்டராக வைத்து பியூ (பாலியூரித்தேன்) ரெசினிலோ அலுமினியத்திலோ எடுத்துக் கொடுங்கள். பெரிய, தட்டையான, ஆழம் குறைந்த வேலைக்கு கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி ரவுட்டரில் எம்டிஎஃப் பலகை வெட்டுவது பிரிண்ட்டைவிட வேகம். அதற்கு மெஷின் வாங்க வேண்டாம், ஜாப் ஒர்க்கில் வெட்டி வாங்குங்கள்.

இதுவரை சொன்ன மெஷின் உங்கள் கருவி. உங்கள் தொழிலை நேரடியாகத் தொடும் மெஷின் வேறு, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மணலையே அடுக்கடுக்காகப் பரப்பி, மணலை ஒட்டவைக்கும் ஃபியூரான் பைண்டரைத் தேவையான இடத்தில் மட்டும் தெளித்து, மோல்டையும் கோரையும் நேராக ஃபைலிலிருந்து எடுக்கும் மணல் பிரிண்டர். அதற்குப் பேட்டர்னே வேண்டாம், டேப்பர் வேண்டாம், லூஸ் பீஸ் வேண்டாம். முறுக்கிய இறகுகள் உள்ள இம்பெல்லர் (பம்பின் சுழலும் சக்கரம்) கோரை நான்கு துண்டாகச் செய்து ஒட்ட வேண்டியதில்லை, ஒரே கோராக வரும். பிஎம்டபிள்யூ தன் எஸ்58 இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டுக்கு இப்படி அச்சிட்ட கோரைப் பயன்படுத்துகிறது. சாம்பிள் மட்டுமல்ல, விற்கும் காரிலேயே.

அது எந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பேட்டர்ன், கோர் பாக்ஸ் செலவை, ஒரு மணல் பிரிண்ட் செட்டின் விலையிலிருந்து வழக்கமான மோல்டிங் செலவைக் கழித்து வரும் தொகையால் வகுங்கள். உதாரணத்துக்குப் பேட்டர்னும் கோர் பாக்ஸும் 60,000, மணல் பிரிண்ட் செட் 6,000, வழக்கமான மோல்டு 400 என்றால், 60,000-ஐ 5,600-ஆல் வகுக்கப் பத்தே முக்கால் வரும். பத்து உருப்படி வரை மணல் பிரிண்ட் மலிவு, பதினொன்றிலிருந்து பேட்டர்ன் மலிவு. கோர் சிக்கலாக ஆக உங்கள் 60,000 ஒரு லட்சமாகும், எல்லையும் பதினெட்டுக்குப் போகும். எளிமையான ஃபிளாஞ்சு, பிராக்கெட் என்றால் எல்லை இரண்டு மூன்றுக்கு இறங்கிவிடும். ஆகவே ஒன்றிரண்டு உருப்படிக்காகச் செய்யும் சிக்கலான கோர் பாக்ஸ் வேலை உங்களை விட்டுப் போகும். இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை. நூறு, ஆயிரம் என்று ஓடும் வார்ப்படத்தின் பேட்டர்ன் வேலை அதனால் போகாது.

போகும் வேலையிலும் உங்களுக்கு ஓர் இடம் உண்டு. மணல் பிரிண்டர் கோடிக்கணக்கில் விலை, அதை வைத்திருப்பவர்கள் ஃபைல் வந்தால் அடித்துக் கொடுப்பார்கள். கேட்டிங் (உலோகம் ஓடும் வழி), ரைசர் (சுருக்கத்தை ஈடுகட்டும் உலோகத் தேக்கம்), சில் (வேகமாக ஆறவைக்கும் உலோகத் துண்டு) வைக்கும் இடம், கோரில் காற்று வெளியேற வென்ட், ஒடுங்கிய வழியில் தங்கிய உதிரி மணலைத் துடைத்தெடுக்க வழி, இவை இல்லாத ஃபைலையும் அடித்துக் கொடுப்பார்கள். பைண்டர் எரிந்து வரும் வாயுவுக்கு வென்ட் இல்லாவிட்டால் வார்ப்படத்தில் ஊதுகுழி நிச்சயம். உள்வழியில் மணல் தங்கினால் உருக்கிய இரும்போடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த உளி கொண்டும் எடுக்க முடியாது. இந்த ஃபைலைத் தயார் செய்து கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கலாம். ஒரு துண்டு மரம் வாங்காமல் செய்யும் பேட்டர்ன் வேலை அது.

இனி ஆட்கள். உலகம் முழுக்க இந்தத் தொழில்நுட்பம் வேலையை என்ன செய்தது என்று பார்த்தால் ஒரே மாதிரியான பதில் கிடைக்காது. காது கேட்கும் கருவியின் உறையை முன்பு ஒவ்வொரு காதுக்கும் கையால் வார்த்து, தேய்த்துச் செய்தார்கள். 2007 வாக்கில் அந்தத் தொழில் பிரிண்ட்டுக்கு மாறியது, இன்று ஏறக்குறைய எல்லா உறையும் பிரிண்ட்தான். அப்படியானால் அந்தந்த நாடே அடித்துக்கொள்ளும், ஏற்றுமதி படுத்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2019-இல் கணக்குப் பார்த்தபோது, மாற்றத்துக்குப் பிந்தைய பத்தாண்டில் அந்தக் கருவியின் உலக வர்த்தகம் 58 சதவீதம் கூடியிருந்தது. தொழில் வளர்ந்தது, ஆனால் கையால் வார்த்த வேலை ஸ்கேனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறிவிட்டது. இன்னொரு பக்கம், ஜிஇ ஏரோஸ்பேஸ் (முன்பு ஜெனரல் எலெக்ட்ரிக்) லீப் விமான இன்ஜினின் எரிபொருள் நாசில் முனையை, முன்பு இருபது துண்டாகச் செய்து பற்றவைத்ததை, ஒரே துண்டாக அச்சிடுகிறது. அந்த இருபது துண்டுகளுக்கு இருபது வரைபடம், இருபது சோதனை, இடையே பற்றவைப்பு என்று இருந்த வேலைகள் திரும்பி வராது. சென்னை அக்னிகுல் காஸ்மாஸ் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ராக்கெட்டின் இன்ஜினும் ஒரே துண்டாக அச்சிட்டதுதான். உலோகப் பிரிண்ட்டில் மெஷின் நின்ற பிறகு பொடி அகற்றுவது, வெப்ப பதப்படுத்துவது, தாங்குகாலை வெட்டுவது, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது என்று பெரிய வேலை வரிசை தொடங்குகிறது. ஒட்டுவதும் சேர்ப்பதும் குறைந்து, முன்னால் வடிவமைப்பும் பின்னால் முடிப்பும் சோதனையும் கூடுகின்றன. உங்கள் 6,660 ரூபாய்க் கணக்கு சின்ன அளவில் காட்டியதும் இதைத்தான்.

உங்கள் பட்டறையில் இது யார் மேல் விழும்? நேராகச் சொன்னால், மர லேத்தில் இருப்பவர் மேலும், அறுத்துக் கொடுக்கும் பையன் மேலும். மெஷின் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் டிராயிங் பார்த்து முடிவெடுத்தது, அறுத்தது கடைந்தது, சேர்த்தது, பட்டி பெயிண்ட், அளந்தது திருத்தியது என்று ஐந்து பத்தியில் மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில் 300 மி.மீ.க்குள் அடங்கும் வேலைகளின் மணி நேரத்தை மட்டும் கூட்டுங்கள். பிரிண்டர் எடுத்துக்கொள்ளப்போவது அவ்வளவுதான். அது வாரத்துக்கு 40 மணி வந்தால் ஓர் ஆளின் வேலை, 80 வந்தால் இரண்டு ஆளின் வேலை. ஆர்டர் கூடாமல் மெஷின் மட்டும் வந்தால் அந்த ஆட்கள் சும்மா நிற்பார்கள், ஆறு மாதத்தில் நீங்கள் வேண்டாத முடிவை எடுக்க வேண்டி வரும். அதனால் அவர்களுக்கான வேலையை முதலில் தேடிவிட்டு மெஷினைப் பிறகு வாங்குங்கள்.

அந்த வேலை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பழைய பம்புகளுக்கு உதிரி கேட்டு வருகிறவர்களிடம் டிராயிங் இருக்காது, தேய்ந்த உருப்படி மட்டும் இருக்கும். அதை அளந்து மாடலாக்கிப் பேட்டர்ன் கொடுக்கலாம். உடைந்த, தேய்ந்த பேட்டர்னில் ஒரு பகுதியை மட்டும் அடித்துப் பொருத்தலாம். மெஷின் ஷாப்புக்கு டிரில் ஜிக், கோர் சேர்க்கும்போது வைக்கும் கேஜ் அடித்துத் தரலாம். இதிலெல்லாம் அளவெடுப்பதுதான் பெரிய வேலை. லேத் ஆளுக்கு வெர்னியரும் ஓரளவு டிராயிங்கும் ஏற்கெனவே கைவசம். அவரை உயரம் அளக்கும் ஹைட் கேஜும் தட்டையான சர்ஃபேஸ் பிளேட்டும் கொடுத்து உட்கார வையுங்கள். முதல் வார்ப்படம் வந்ததும் மார்க்கிங் செய்து, எந்த முகத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று தாளில் எழுதித் தருவது அவர் பொறுப்பாகட்டும். அந்தத் தாள் பேட்டர்னோடு போனால் வாடிக்கையாளர் அதற்குக் காசு கொடுப்பார். பையனுக்கு வயது இருக்கிறது. ரீல் மாற்றுவது, கட்டிலைச் சுத்தம் செய்வது, முதல் அடுக்கைக் கவனிப்பது இரண்டு வாரப் பாடம். அவர் விரும்பினால், ஐடிஐ பாடத்திட்டத்திலேயே த்ரீடி பிரிண்டிங் டெக்னீஷியன் பிரிவு இருக்கிறது, எந்த நிலையத்தில் சேர்க்கை நடக்கிறது என்று விசாரித்து அனுப்புங்கள்.

மூத்தவர்கள் இருவரைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது உங்கள் மகனைப் பற்றி. மாடல் போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, மணல் தெரிந்து மாடல் போடுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். அவரை மூன்று மாதம் பவுண்டரி தரையில் விடுங்கள். மோல்டர் பேட்டர்னைத் தட்டி உருவும்போது எந்த மூலையில் மணல் பிய்கிறது, கோர் எப்படி மிதக்கிறது, ரைசரை வெட்டிய இடத்தில் சுருங்குகுழி எப்படித் தெரிகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகு ஒவ்வொரு மாடலையும் மூத்தவர் ஒருவர் திரையில் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் பிரிண்ட் ஓட வேண்டும் என்று விதி வையுங்கள். தாளில் ஆறு கேள்வி போதும்: பார்ட்டிங் எங்கே, உருவும் திசை எது, டேப்பர் எவ்வளவு, சுருக்கம் எந்த உலோகத்துக்கு, மெஷினிங் அலவன்ஸ் எந்தெந்த முகத்தில், கோர் பிரிண்ட் கோரின் எடையையும் மிதப்பையும் தாங்குமா. பெரியவருக்கு மவுஸ் பிடிக்க வராவிட்டால் பரவாயில்லை. மகன் திருப்பிக் காட்டட்டும், அவர் விரல் வைத்துச் சொல்லட்டும். இதற்காக அவர் சம்பளத்தை மணிக் கணக்கில் மாடல் செலவிலேயே சேர்த்துவிடுங்கள், பட்டறைப் பொதுச் செலவில் மறைக்காதீர்கள்.

காரணம் விலைச்சீட்டில் இருக்கிறது. இதுவரை நீங்கள் பேட்டர்ன் என்று ஒரே வரியில் விலை போட்டீர்கள். மூளைக்கான கூலி மரத்தின் விலைக்குள் ஒளிந்திருந்தது. பிரிண்ட் என்று வந்ததும் வாடிக்கையாளர் ஃபிலமென்ட்டை எடை போட்டு, “ஒன்றரை கிலோ பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா?” என்று கேட்பார். ஆகவே மூன்று வரியாகப் பிரியுங்கள்: வார்ப்பட மாடல் தயாரிப்பு, பிரிண்ட், முடிப்பும் அளவுத்தாளும். கூடவே ஃபைல் யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள். மரப் பேட்டர்ன் உடைந்தால் உங்களிடம்தான் திரும்பி வந்தார்கள். ஃபைலைக் கொடுத்துவிட்டால் அடுத்த தெருவில் அடித்துக்கொள்வார்கள். பேட்டர்ன் அவருக்கு, ஃபைல் உங்களிடம் என்பது வழக்கமான விலை. ஃபைலும் வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை. ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் பாக எண், திருத்த எண், உலோகம், சேர்த்த சுருக்கம் நான்கும் இருக்கட்டும். மாடலைத் திருத்த உதவும் ஸ்டெப் ஃபைலாகவும் ஒரு பிரதி வையுங்கள், பிரிண்டருக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து எளிதில் திருத்த முடியாது.

மெஷினுக்கு முன்பணம் கொடுக்குமுன் மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் கேளுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் பல திட்டங்களில் வழி இருக்காது. விற்பனையாளரிடம் உங்கள் சொந்தப் பேட்டர்ன் ஒன்றின் மாடலைக் கொடுத்து ஏபிஎஸ்ஸில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வைத்திருக்கும் குவளையையும் பொம்மையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 250 மி.மீ. ஃபிளாஞ்சு ஒன்று மூலை தூக்காமல் வந்து, சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்க்கையில் அரை மி.மீ.க்குள் தட்டையாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அந்தப் பழைய வாடிக்கையாளரிடம் இந்த வாரமே போங்கள். பிரிண்ட் போட்ட பேட்டர்னில் எத்தனை வார்ப்படம் தள்ளுபடியானது என்று கேளுங்கள். அடுத்த சாம்பிளின் ஃபைலை, யார் அடித்தாலும் சரி, அடிப்பதற்கு முன் ஒரு நாள் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆறு கேள்வித் தாளை முதல் முறை இலவசமாக நிரப்பிக் கொடுங்கள். இரண்டாவது முறையிலிருந்து கட்டணம்.